வாசகர் கேள்விகள்: ஆப்பிரிக்க நாடுகளில் ஆளும் உரிமை எங்கிருந்து வருகிறது?

தேர்தலில் வென்றால் ஆளும் உரிமை தானாக வந்துவிடுகிறதே. பிறகு ஏன் ஆப்பிரிக்காவில் முடிவு வெளியானதும் தெருவில் ரத்தம் சிந்துகிறது? (திருச்சி வாசகர்)

வென்றவர் பதவியேற்பதற்குச் சட்டம் போதும். தோற்றவரும் அவருக்கு வாக்களித்தவர்களும் "சரி, அடுத்த முறை பார்க்கலாம்" என்று வீட்டுக்குப் போனால்தான் அந்தப் பதவிக்கு ஆளும் உரிமை கிடைக்கிறது. ஒரு நாட்டின் தேர்தலை எடைபோட வென்றவரின் சதவீதத்தைப் பார்ப்பதில் பயனில்லை, தோற்றவரைப் பாருங்கள்.

2025 அக்டோபரில் தான்சானியாவில் அதிபர் சாமியா சுலுஹு ஹசன் ஏறக்குறைய 98 சதவீத வாக்குகள் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. முக்கிய எதிர்க்கட்சியான சடேமாவைப் போட்டியிடவே விடவில்லை. அதன் தலைவர் டுண்டு லிஸ்ஸு தேசத்துரோக வழக்கில் சிறையில் இருந்தார். வாக்குப்பதிவு நாளிலேயே கலவரம் வெடித்தது, ஊரடங்கு வந்தது, இணையம் துண்டிக்கப்பட்டது. இதே நாட்டில்தான் ஜூலியஸ் நைரேரே 120க்கும் மேற்பட்ட இனக்குழுக்களை சுவாஹிலி என்ற பொதுமொழியால் சேர்த்துக் கட்டினார், 1985இல் தாமாகவே பதவியை விட்டு இறங்கினார். அவர் சேர்த்து வைத்த நம்பிக்கையைத்தான் இப்போது கரைக்கிறார்கள். வேதனையாக இருக்கிறது.

கானாவின் 2008 தேர்தலை இதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டாம் சுற்றில் பதிவான சுமார் 90 லட்சம் வாக்குகளில் ஜான் அட்டா மில்ஸ் வெறும் 40,586 வாக்கு அதிகம் பெற்றார். தோற்றது ஆளுங்கட்சி. படையும் காவல்துறையும் கையில் இருந்தபோதும் அது பதவியை ஒப்படைத்தது. 98 சதவீதம் தராத உரிமையை அரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம் தந்தது.

அப்படியானால் கானாவில் வாக்கு எண்ணும் முறையில் என்ன விசேஷம்? படிப்படியாகச் சொல்ல முடியுமா? (புதுச்சேரி வாசகர்)

விசேஷம் இயந்திரத்தில் இல்லை, ஒரு தாளில் இருக்கிறது. அதை அங்கே 'பிங்க் ஷீட்' என்பார்கள். கானா அரசியலமைப்பின் 49ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடிந்தவுடன் அந்தச் சாவடியிலேயே எண்ண வேண்டும் என்கிறது. பெட்டியை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

மாலை 5 மணிக்குப் பதிவு முடிகிறது. கட்சி முகவர்களும் ஊர்க்காரர்களும் பார்க்க, சாவடி அதிகாரி ஒவ்வொரு சீட்டாக உயர்த்திக் காட்டி, விரல் ரேகை எந்தச் சின்னத்தின் மேல் இருக்கிறது என்று உரக்கச் சொல்லி எண்ணுகிறார். பெற்ற சீட்டுகள், பயன்படுத்தியவை, செல்லாதவை, ஒவ்வொருவரும் பெற்ற வாக்கு எல்லாம் அந்தத் தாளில் ஏறுகின்றன. அதிகாரி கையொப்பமிடுகிறார், முகவர்களும் இடுகிறார்கள், ஆளுக்கொரு படி வாங்கிக்கொள்கிறார்கள். அங்கிருந்து தாள் தொகுதி மையத்துக்கும், மாகாண மையத்துக்கும், கடைசியில் அக்ராவுக்கும் போகிறது. மேலே யாராவது எண்ணை மாற்றினால், கீழே கட்சிக்காரர் கையில் இருக்கும் படி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் அங்கே கட்சிகள் தாங்களே ஒரு கூட்டல் மையம் வைத்துக்கொள்கின்றன. தோற்கப்போவது அவர்களுக்கே முன்கூட்டித் தெரிந்துவிடும்.

எங்கே பிசகும்? 2012இல் பிசகியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்களைக் காட்டி எதிர்க்கட்சி உச்ச நீதிமன்றம் போனது. பதிவான வாக்காளர்களைவிட வாக்கு அதிகம், அதிகாரியின் கையொப்பம் இல்லை, விரல் ரேகைச் சரிபார்ப்பு இல்லாமல் வாக்களிக்க விட்டார்கள் என்பவை முக்கியப் புகார்கள். எட்டு மாதம் நடந்த அந்த வழக்கை நாடே தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்தது. 2013 ஆகஸ்ட் 29 அன்று மனு தள்ளுபடியானது. தோற்ற நானா அகுஃபோ-ஆடோ அன்றே வென்ற ஜான் மஹாமாவைத் தொலைபேசியில் வாழ்த்தினார், மறுஆய்வு கேட்கவில்லை. அடுத்த தேர்தலில் அவரே வென்றார். 2024 டிசம்பர் தேர்தலில் மஹாமா மீண்டும் வென்றபோது, முழு முடிவு வருவதற்கு முன்பே ஆளுங்கட்சி வேட்பாளர் பவுமியா தோல்வியை ஒப்புக்கொண்டார். அவர் கட்சியின் கூட்டலே அவரிடம் சொல்லிவிட்டது.

கென்யா இதை அடிபட்டுக் கற்றது. 2007 தேர்தலுக்குப் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 2017இல் சாவடித் தாள்கள் முழுதும் வந்து சேர்வதற்கு முன்பே முடிவை அறிவித்ததும், நீதிமன்றம் கேட்டும் கணினிப் பதிவுகளைத் திறந்து காட்டாததும் வழக்கில் நின்றன. உச்ச நீதிமன்றம் அந்த அதிபர் தேர்தலையே ரத்து செய்தது. 2022இல் தேர்தல் ஆணையம் 46,000க்கும் மேற்பட்ட சாவடித் தாள்களின் படங்களைப் பொது இணையதளத்தில் ஏற்றியது. ஆணையத்தின் ஏழு பேரில் நால்வர் முடிவை ஏற்க மறுத்த நெருக்கடியான நேரத்திலும், படங்களை வைத்து யார் வேண்டுமானாலும் தாமே கூட்டிப் பார்க்க முடிந்தது. 2007இன் பெருங்கலவரம் திரும்பவில்லை.

மலாவியில் 2019 தேர்தலின் தாள்களில் எண்களை வெள்ளைத் திருத்தத் திரவம் பூசி மாற்றியிருந்தார்கள். 2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் குண்டு துளைக்காத உடையோடு வந்து சுமார் பத்து மணி நேரம் தீர்ப்பை வாசித்தார்கள். தேர்தல் ரத்தானது, மறுதேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் லாசரஸ் சக்வேரா வென்றார். திருத்தத் திரவப் புட்டி மிக மலிவானது. அதன் கறையைத் துடைக்க அந்த நாட்டுக்கு ஓராண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது.

போட்ஸ்வானாவில் ஒரே கட்சி 58 ஆண்டுகள் ஆண்டது. வைரம் கிடைத்ததால்தான் அந்த நாடு தப்பியது என்கிறார்களே? (மதுரை வாசகர்)

வைரம் கிடைத்த பல ஆப்பிரிக்க நாடுகளில் அந்த வைரமே போருக்குக் காசு கொடுத்தது. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். வைரம் வெளியே வருவதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது?

'கோட்லா' இருந்தது. ஊரின் நடுவே, பெரும்பாலும் மரநிழலில், அரைவட்ட மரவேலிக்குள் கூடும் சபை. 'கோசி' எனப்படும் தலைவர் விஷயத்தை முன்வைப்பார், வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேசுவார்கள், அவர் கடைசியில்தான் பேசுவார். கூட்டத்தின் போக்கை மீறி முடிவு சொன்னால் அந்த முடிவு நடைமுறைக்கு வராது என்பது அவருக்குத் தெரியும். 'மக்களால்தான் கோசி கோசியாகிறார்' என்பது செட்ஸ்வானா மொழியின் பழமொழி.

1966 செப்டம்பர் 30 அன்று விடுதலை வந்தபோது நாட்டில் தார்ச்சாலை சுமார் 12 கிலோமீட்டர்தான். முதல் அதிபர் செரெட்ஸே காமா, பமங்வாட்டோ மக்களின் தலைமைக்கு வாரிசு. ஆங்கிலேயப் பெண்ணை மணந்ததற்காகப் பிரிட்டிஷ் அரசால் நாடு கடத்தப்பட்டு, 1956இல் தலைமையைத் துறந்து ஊர் திரும்பியவர். பழைய உரிமை அவரிடம் பிறப்பால் இருந்தது, புதிய உரிமையை வாக்குச்சீட்டில் வாங்கினார். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தது அந்த நாட்டின் நல்லூழ். ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்தவை தற்செயல் அல்ல.

1967இல் சுரங்கச் சட்டம் கொண்டுவந்து, நிலத்தடிக் கனிமத்தின் உரிமையை ஒவ்வொரு இனக்குழுவிடமிருந்தும் எடுத்து நாட்டுக்கு ஆக்கினார். தம் சொந்த மக்களான பமங்வாட்டோவின் பகுதியிலும்தான். ஒராபாவில் வைரம் கண்டறியப்பட்டதும் அதே ஆண்டு. சுரங்கம் ஓடத் தொடங்கியது 1971இல். காசு கைக்கு வருவதற்கு முன்பே 'இது யாருடையது' என்ற வழக்கு தீர்ந்துவிட்டது. இந்த வரிசை முக்கியம். காசு வந்தபின் பங்கு பேசியிருந்தால் கதை வேறாகியிருக்கும். பின்னர் டி பீர்ஸ் என்ற வைர நிறுவனத்தோடு சரிபாதிப் பங்கில் டெப்ஸ்வானா என்ற சுரங்க நிறுவனம் அமைந்தது.

தலைவர்களை அவர் ஒழிக்கவில்லை, ஆனால் பற்களைப் பிடுங்கினார். நிலம் பங்கிடும் அதிகாரம் 1970 முதல் நில வாரியங்களுக்குப் போனது. வழக்கு விசாரிக்கும் வழக்கமன்றங்கள் தலைவர்களிடமே தங்கின. 'ன்ட்லோ யா டிகோசி' என்ற தலைவர்கள் அவைக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும். அமைச்சர்கள் புதுத் திட்டம் கொண்டுவந்தால் கோட்லாவுக்குப் போய் விளக்க வேண்டும் என்பது வழக்கமாக நிலைத்தது.

குறை இல்லாமல் இல்லை. பழைய கோட்லாவில் பெண்களுக்குப் பேச்சுரிமை கிடையாது. சான் என்ற பழங்குடி மக்களைக் கலஹாரி வேட்டைக்காப்பு நிலத்திலிருந்து அரசு வெளியேற்றியது. 2006 டிசம்பரில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வைர வருமானம் சரிந்து, வேலையில்லாத் திண்டாட்டம் முற்றியபோது 2024 அக்டோபரில் மக்கள் ஆளுங்கட்சியை 61 இடங்களில் 4க்கு இறக்கினார்கள். அதிபர் மசிசி இறுதி எண்ணிக்கைக்குக் காத்திராமல் தோல்வியை ஒப்புக்கொண்டு, எதிர்க்கட்சித் தலைவர் டூமா போகோவிடம் ஆட்சியை ஒப்படைத்தார். 58 ஆண்டு ஆண்ட கட்சி அமைதியாக வெளியேறியதில்தான் அந்த நாட்டின் அடித்தளம் எவ்வளவு ஆழமானது என்று தெரிகிறது.

சோமாலியர் எல்லோருக்கும் ஒரே மொழி, ஒரே மதம். அப்படியிருந்தும் நாடு ஏன் சிதறியது? சோமாலிலாந்து மட்டும் எப்படி நின்றது? (யாழ்ப்பாண வாசகர்)

மொழியும் மதமும் ஒன்றானால் ஆட்சி நிலைக்கும் என்ற நம்பிக்கையைச் சோமாலியா உடைத்துவிட்டது. அங்கே மனிதர்களைச் சேர்ப்பதும் பிரிப்பதும் குலம். 1969 முதல் ஆண்ட சியாத் பார்ரே குலத்தை ஒழிப்பதாகச் சொல்லிக்கொண்டே சில குலங்களை வைத்துப் பிற குலங்களை அடித்தார். 1991 ஜனவரியில் அவர் ஓடியபோது அரசு என்று எதுவும் மிஞ்சவில்லை.

வடக்கே 1991 மே 18 அன்று சோமாலிலாந்து தன் விடுதலையை அறிவித்தது. அடுத்த ஆண்டே அங்கும் படைக்குழுக்கள் மோதின. 1993இன் தொடக்கத்தில் போரமா என்ற சிறு நகரில் குல மூத்தோர் கூடினார்கள். நான்கு மாதத்துக்கும் மேல் பேசினார்கள். வாக்குரிமையோடு வந்தவர்கள் 150 பேர், குலத்துக்கு இத்தனை என்று பகிர்ந்த இடங்கள். உணவும் தங்குமிடமும் உள்ளூர் மக்கள் பொறுப்பு. சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் ஐ.நா. பெரும் படையும் பணமும் இறக்கி 1995இல் கைவிட்டுத் திரும்பிய அதே காலம் இது.

முதலில் சமாதான ஒப்பந்தம், பிறகுதான் அரசு அமைப்பு. நாற்காலியை முதலில் பேசியிருந்தால் கூட்டம் கலைந்திருக்கும் என்றே நாங்கள் கருதுகிறோம். சமாதானத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி 'ஹீர்' என்ற வழக்கச் சட்டம். அதன்படி கொலைக்கு ஈடு, ஓர் ஆணுக்கு 100 ஒட்டகம் என்பது மரபு. குற்றவாளி ஒருவர் மட்டும் கொடுப்பதில்லை, அவருடைய குலக்கிளை முழுதும் பங்கு போட்டுக் கொடுக்கும். அதனால் துப்பாக்கி தூக்கிய இளைஞனை அடக்குவது அவன் சித்தப்பன் பெரியப்பன் கவலையாகிவிடுகிறது. பிறகு ஈரவை அரசு வந்தது. மேலவையான 'கூர்ட்டி' மூத்தோருக்கு, கீழவை குலப் பிரதிநிதிகளுக்கு. அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முகமது எகால், வணிகர்களிடம் கடன் வாங்கிப் படைக்குழுக்களைத் தேசியப் படையில் சேர்த்துச் சம்பளம் கொடுத்தார். பெர்பெரா துறைமுகச் சுங்கம்தான் அரசின் முதல் நம்பகமான வருமானம்.

2003 அதிபர் தேர்தலில் ஏறத்தாழ ஐந்து லட்சம் வாக்குகளில் முதலில் அறிவித்த வித்தியாசம் 80 வாக்கு. தோற்ற சிலான்யோ கட்சிக்காரர்களைத் தெருவுக்கு அழைத்திருக்கலாம். நீதிமன்றம் போனார், தோற்றார், ஏற்றுக்கொண்டார். 2010இல் அதிபரானார்.

இந்த முறையிலும் ஓட்டை இருக்கிறது. கூர்ட்டிக்கு இன்றுவரை தேர்தலே நடக்கவில்லை. உறுப்பினர் இறந்தால் இடம் உறவினருக்குப் போகிறது. தன் பதவிக்காலத்தையும் பிறர் பதவிக்காலத்தையும் அது பலமுறை நீட்டித்திருக்கிறது. 2022இல் நடக்க வேண்டிய அதிபர் தேர்தல் 2024 நவம்பருக்குத் தள்ளிப்போனது. 2021 நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு பெண்கூட வெல்லவில்லை. கிழக்கே லாஸ் அனோட் மக்கள் தாங்கள் இந்த ஒப்பந்தத்தில் இல்லை என்று சொல்லி 2023இல் போரிட்டு விலகினார்கள். குலங்களின் ஒப்புதலில் நிற்கும் அரசு, ஒப்புதல் தராத குலத்தின் எல்லையில் நின்றுவிடுகிறது.

நைஜீரியாவில் அதிக வாக்கு வாங்கினால் மட்டும் அதிபராக முடியாதாமே? (கோவை வாசகர்)

ஆமாம். அதிக வாக்கோடு, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 25 சதவீத வாக்கும் வேண்டும். ஹவுசா, யொரூபா, இக்போ என்று ஒரு பகுதியின் வாக்கை மட்டும் அள்ளிக்கொண்டு ஆட்சிக்கு வர முடியாதபடி, இக்போ பகுதி தனி நாடாகப் பிரிய முயன்ற பியாஃப்ரா போரில் பட்ட காயத்துக்குப் பிறகு 1979 அரசியலமைப்பில் போட்ட பூட்டு இது.

முதல் தேர்தலிலேயே கணக்குப் பிரச்சினை வந்தது. அப்போது 19 மாநிலங்கள். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 12⅔. ஷெஹு ஷகாரி 12 மாநிலங்களில் 25 சதவீதத்தைத் தாண்டினார், கானோவில் 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 13 மாநிலம் வேண்டும் என்றார் எதிரணியின் அவோலோவோ. பதின்மூன்றாவது மாநிலத்தின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் 25 சதவீதம் இருந்தால் போதும் என்றது தேர்தல் ஆணையம். உச்ச நீதிமன்றமும் ஷகாரி பக்கம் தீர்ப்பளித்தது. பின்னத்தால் வந்த வெற்றி என்ற பேச்சு அவரை விடவில்லை. 1983 டிசம்பர் 31 அன்று படை ஆட்சியைப் பிடித்தது. இன்று மாநிலங்கள் 36, தேவை 24. பின்னம் ஒழிந்தது. விதி எழுதுபவர்கள் மிகச் சாதாரணமான வகுத்தலைக்கூடத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்தால் மக்கள் கொடி பிடித்து ஆடுகிறார்கள். இது ஆளும் உரிமை ஆகாதா? (சேலம் வாசகர்)

அந்தக் கொண்டாட்டம் பொய் இல்லை. ஆனால் அது போனவர் மேலிருந்த கோபம், வந்தவருக்குக் கொடுத்த ஒப்பந்தம் அல்ல. புர்கினா ஃபாஸோவில் 2021 நவம்பரில் இனாட்டா படைமுகாம் ஜிகாதிகளால் தாக்கப்பட்டு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்பே அந்த வீரர்கள் உணவு வரவில்லை என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார்கள். தன் படைக்குச் சோறு போடாத அரசை யார் காப்பாற்றுவார்கள்? 2022 ஜனவரியில் ராணுவ அதிகாரி டமிபா ஆட்சியைப் பிடித்தார். பாதுகாப்பு மேம்படவில்லை, எனவே அதே காரணம் சொல்லி செப்டம்பரில் இன்னொரு ராணுவ அதிகாரி டிராவோரே அவரைக் கவிழ்த்தார். வெற்றியைக் காட்டித்தான் இருக்க முடியும் என்ற ஆட்சி, தோல்வி வரும் நாளில் வேறு பிடிமானம் இல்லாமல் நிற்கும்.

மாலியில் ஆட்சியைப் பிடித்த படையினர் தேர்தல் 2022 பிப்ரவரி என்றார்கள், பிறகு 2024 என்றார்கள். 2025இல் கட்சிகளையே கலைத்து, படைத் தலைவர் கொய்ட்டாவுக்கு வாக்கெடுப்பின்றி ஐந்தாண்டு கொடுத்தார்கள். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் 2007 சாசனத்தில் 25ஆம் பிரிவு, ஆட்சியைக் கவிழ்த்தவர் அடுத்த தேர்தலில் நிற்கக் கூடாது என்கிறது. சாட் நாட்டில் மகமத் டெபி 2024இலும், காபோனில் ஒலிகி ங்குவேமா 2025இலும் நின்று வென்றார்கள். அதே சாசனம், பதவியை நீட்டிக்க அரசியலமைப்பைத் திருத்துவதையும் குற்றமாகவே வைக்கிறது. அதை யாரும் கையில் எடுப்பதில்லை. உகாண்டாவில் 2005இல் பதவிக்கால வரம்பும் 2017இல் வயது வரம்பும் நீங்கின. படைவீரனின் கவிழ்ப்பைத் தண்டித்து, அதிபரின் கவிழ்ப்பை விட்டுவைத்தால் படைவீரன் எந்த விதியை மதிப்பான்?

செனகலில் இதற்கு விடை கிடைத்தது. 2024 பிப்ரவரியில் அதிபர் மேக்கி சால் தேர்தலைத் தள்ளிப்போட்டார். அரசியலமைப்பு மன்றம் பிப்ரவரி 15 அன்று அது செல்லாது என்றது. சால் பணிந்தார். மார்ச் 14 அன்று சிறையிலிருந்து வெளிவந்த எதிர்க்கட்சி வேட்பாளர் பசிரு ஜோமாய் ஃபாய், 24 அன்று நடந்த தேர்தலில் முதல் சுற்றிலேயே 54 சதவீதம் பெற்றார். 1960 முதல் அந்த நாட்டில் படை ஒருமுறைகூட ஆட்சியைப் பிடித்ததில்லை.

மொரீஷியஸும் ஆப்பிரிக்க நாடுதானே? அங்கே தமிழர்கள் அரசில் எப்படி இடம் பெறுகிறார்கள்? (நாகர்கோவில் வாசகர்)

ஆம், ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உறுப்பு நாடு. 1968 மார்ச் 12இல் விடுதலை. அரசியலமைப்பு நான்கு சமூகங்களைக் குறிப்பிடுகிறது: இந்துக்கள், முஸ்லிம்கள், சீனர், மற்றவர்கள் அடங்கிய 'பொது மக்கள்'. தமிழர், தெலுங்கர், மராத்தியர் எல்லோரும் இந்துக் கணக்கில். தேர்ந்தெடுக்கும் இடங்கள் 62. அதற்கு மேல் எட்டு இடங்கள் வரை, தோற்றவர்களில் சிறப்பாக வாக்கு வாங்கியவர்களுக்கு. ஒவ்வொரு சமூகத்தின் மக்கள்தொகையை அது வென்ற இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுப்பார்கள். எந்தச் சமூகத்துக்குப் பெரிய ஈவு வருகிறதோ அதற்கு இடம். முதல் நான்கு இடங்கள் கட்சி பாராமல், அடுத்த நான்கு கட்சிச் சமநிலை குலையாமல். 1982இலும் 1995இலும் ஒரே கூட்டணி தலைத்தீவின் 60 இடங்களையும் அள்ளியது. அப்போதும் தோற்ற பக்கத்துக்கு அவையில் சில குரல்கள் இருந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

பழுது, கணக்குக்கு இன்றும் 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே பயன்படுத்துவது. அதன் பிறகு சமூகக் கேள்வி கேட்கப்படவில்லை. தன் சமூகத்தை அறிவிக்க மறுத்த வேட்பாளர்களின் மனுக்கள் தள்ளுபடியாயின. 2012இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இதைக் குறை கூறியது. 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிக விலக்கு கொடுத்தார்கள்.

அவைக்கு வெளியே தமிழர் தங்கள் இடத்தைக் காத்துக்கொண்டது ரூபாய் நோட்டில். அந்த நாட்டு நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், பிறகு நாகரி எழுத்து என்பது பழைய வரிசை. 1998இல் வந்த புது நோட்டில் வரிசை மாறித் தமிழ் கீழே போனது. தீவெங்கும் தமிழர் எதிர்ப்புக் கிளம்பியது. அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, தமிழை மறுபடி பழைய இடத்தில் வைத்துப் புது நோட்டு அச்சிட்டது.